ஐந்தாம் கட்டிலின் இடது பக்கம்

ஜூன் 10, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அரிசி டப்பா மேல் தூங்கிக்கொண்டிருந்தது. இன்று தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம் ஐந்தாம் கட்டில். இந்த மாதிரி கேஸ் எங்கள் ஐசியுவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. நாள் வாரியாகக் குறித்து வைத்தால் அடுத்த முறை உதவும். மற்றபடி மனசைக் கொட்டி எழுதுகிற பழக்கமெல்லாம் எமிமாளாகிய எனக்குக் கிடையாது.

ஐந்தாம் கட்டிலில் இருப்பவர் பெயர் சங்கரபாண்டியன். வயது நாற்பத்தேழு. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். வயிற்றுப்போக்கு வந்து, அது நின்று, பத்தாம் நாள் காலில் மரமரப்பு. பிறகு கை. பிறகு மூச்சு. உடம்பே தன் நரம்புகளை அரித்துக்கொள்கிற நோய். வெண்டிலேட்டர் போட்டு இன்றோடு ஆறு நாள். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அசையாது. ஆனால் மனுஷருக்கு முழு நினைவு இருக்கிறது. காது கேட்கும், கண் தெரியும், வலியும் தெரியும். கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் தெரியும், விரட்டத்தான் முடியாது. இமை மட்டும் தப்பியிருக்கிறது. ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை.

டாக்டர் இன்று அவர் மனைவி உலகம்மாளிடம் பேசினார். "நரம்பு திரும்ப வளரும்மா. ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆகும். அதுவரைக்கும் நெஞ்சுல சளி கட்டக் கூடாது, உடம்புல படுக்கைப்புண் வரக் கூடாது. புண்ணு வந்து அதுல கிருமி ஏறிட்டா ஆளையே கொண்டுபோயிரும். இது ரெண்டையும் தாண்டிட்டா நடந்தே வீட்டுக்கு வருவாரு."

அந்த அம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "புண் வராதும்மா. அது என் பொறுப்பு" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. இந்த வார்டில் எனக்குப் பதினேழு வருஷம். என் கையில் இருந்த நோயாளி ஒருவருக்கும் புண் வந்ததில்லை. வெளியிலிருந்து புண்ணோடு வந்தவர்களுக்குக் கூட ஆற்றித்தான் அனுப்பியிருக்கிறேன். தற்பெருமை என்றால் தற்பெருமைதான்.

ஜூன் 12, புதன்

சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசியே ஈரத்துணி வாசனை அடிக்கிறது. யூனிஃபார்ம் காயாமல் இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்தேன்.

மாஸ்டரைத் திருப்புகிற விதம். இரண்டு மணிக்கு ஒரு தடவை: இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம், மறுபடி முதலிலிருந்து. முறைப்படி மூன்று பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று தலையையும் குழாயையும் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்ல வேண்டும். மற்ற இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்று, அடியில் விரித்திருக்கும் துணியைச் சுருட்டிப் பிடித்து ஒரே மூச்சில் உருட்ட வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. காது மடங்கியிருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க வேண்டும். காதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மூன்று பேர் கணக்கு மற்றவர்களுக்கு. எனக்கும் அட்டெண்டர் மூக்கையாவுக்கும் மூன்றாவது ஆள் தேவைப்பட்டதில்லை. என் இடுப்பு வார்டில் பிரசித்தம்.

"மாஸ்டர், லெஃப்ட் டர்ன்" என்று சொல்லித்தான் திருப்புகிறேன். உலகம்மாள் சிரித்துவிட்டாள். "ஊர்ப் பிள்ளைய எல்லாத்தையும் அந்தப் பக்கம் திரும்பு, இந்தப் பக்கம் திரும்புன்னு வெயில்ல நிக்க வச்சாவல்லா, அனுபவிக்கட்டும்" என்றாள். மாஸ்டர் ஒரு தடவை இமையை மூடினார். ஒத்துக்கொள்கிறாராம்.

திருப்பியதும் கட்டில் காலில் தொங்கும் சார்ட்டில் நேரம், பக்கம், கையெழுத்து போட வேண்டும். நான் காலையில் கை காலியாக இருக்கும்போதே எட்டு, பத்து, பன்னிரண்டு மூன்றையும் எழுதி முடித்துவிடுவேன். எழுதிவிட்டால் செய்துதானே ஆக வேண்டும். மத்தியான டியூட்டி இசக்கியம்மாள் அப்படி இல்லை. செய்த பிறகுதான் எழுதுவாள், அதுவும் கடிகாரத்தைப் பார்த்து 4.10, 6.05 என்று. அவளுடைய பத்தி பூராவும் கோணல் மாணல். என்னுடையது அச்சடித்தது போல இருக்கும். மேட்ரன் சலோமி அம்மா நர்ஸிங் மாணவிகளுக்கு என் சார்ட்டைத்தான் காட்டுவார்.

ஜூன் 14, வெள்ளி

உலகம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சிஸ்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லுங்கம்மா."

"அவுக தல வடக்க பாத்து இருக்கு. எங்க பக்கம் வடக்க தல வச்சு ஆரும் படுக்க மாட்டாவ. இத்தன நாளும் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்கு."

ஆக்ஸிஜன் குழாய் சுவரில் இருக்கிறது, மெஷின் அங்கேதான் நிற்க வேண்டும், ஆஸ்பத்திரியில் திசை பார்க்க முடியாது என்றெல்லாம் விளக்கினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி சிஸ்டர்" என்று தலையாட்டினாள். அப்படித் தலையாட்டுகிறவர்களிடம்தான் எனக்குக் கஷ்டம். கட்டிலைக் கொஞ்சம் வளைத்துத் தலைமாட்டைக் கிழக்கே கொண்டுவரலாம், குழாய்க்கு நீளம் போதும் என்று தோன்றியது.

மூக்கையா தடுத்தார். "இது பழைய இரும்புக் கட்டிலு சிஸ்டர். ஒரு சக்கரம் சுத்தாது. மத்தியானம் நாலு பேரா சேந்து தள்ளுவோம்."

"கட்டிலுக்கு நாலு பேரா? நீங்க குழாயப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று நானே தள்ளினேன். சுற்றாத சக்கரம் தரை விரிசலில் மாட்டிக்கொண்டது. தூக்கி எடுத்து வைத்தேன். அப்போது இடுப்புக்கு மேலே ஒரு சொடுக்கு விழுந்தது. ஒன்றுமில்லை.

"மாஸ்டர், உங்களுக்கு இந்த வடக்கு தெற்கிலே நம்பிக்கை உண்டா?" என்று கேட்டேன். இரண்டு தடவை மூடினார். "அவுகளுக்கு எதுலதான் நம்பிக்க" என்றாள் உலகம்மாள். ஆனால் கேன்டீனில் இரண்டு தோசை சாப்பிட்டாளாம்.

ஜூன் 15, சனி

தரையில் பாய் விரித்துப் படுத்தேன். தரை நல்லது. "சாரல் காலத்துல எதுக்குட்டி தரையில படுக்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மெத்தை புழுக்கமாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 17, திங்கள்

மாஸ்டருக்கு வாய்க்குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இனிமேல் உதடு தெரியும். மீசை இவ்வளவு பெரிசு என்று இன்றுதான் தெரிந்தது. உலகம்மாள் சீப்பு கொண்டுவந்து வாரிவிட்டாள்.

பேனா கீழே விழுந்தது. மூக்கையாவை எடுத்துத் தரச் சொன்னேன். அவர் பேனாவைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்ன பாக்கிய? பேனா விழுறது அதிசயமா?" என்றேன்.

வரும் வழியில் தேவாவுக்கு வலித்தைலம் ஒரு பாட்டில். வீட்டுக்காரர் பெயர் தேவசகாயம். நாளெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவருக்குக் கால் வலிக்காதா?

ஜூன் 19, புதன்

எல்லாம் ஒழுங்கு. மாஸ்டரின் தோல் சுத்தம். எட்டு, பத்து, பன்னிரண்டு. சோப்பு வாங்க வேண்டும். குனிந்து கூட்டுகிற துடைப்பத்தை மாற்றி நீளப்பிடித் துடைப்பம் வாங்கினேன், இப்போது அதுதான் எல்லோரும் வாங்குகிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

மூக்கையாவை ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கடையத்திலிருந்து பாம்புக்கடி கேஸ் ஒன்று வந்தது. எல்லோரும் அங்கே. பிழைத்துக்கொண்டான். மாலையில் இசக்கி போன் செய்தாள். சின்ன விஷயம். சொல்லிவிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. சீக்கிரம் படுக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

டியூட்டி மாற்றும்போது இசக்கி கேட்டாள். "அக்கா, நேத்து ரெண்டு மணிக்கு நான் வந்தப்ப மாஸ்டர் இடது பக்கமா இருந்தாவ. சார்ட்டுல பன்னெண்டுக்கு வலதுன்னு இருக்கு."

"இடதும் வலதும் நீ நிக்கிற பக்கத்தப் பொறுத்து இருக்கு" என்றேன்.

"நான் எப்பவும் கால்மாட்டுலதான்க்கா நிப்பேன்" என்றாள்.

இசக்கிக்கு என்னைவிட எட்டு வயசு குறைவு. நான்தான் அவளுக்கு இந்த வார்டு வேலை பழக்கினேன். பதில் சொல்லத் தேவையில்லை என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாஸ்டருக்கு இன்று தூக்கம் அதிகம். நான் எப்போது போனாலும் கண்ணை மூடியிருந்தார். லெஃப்ட் டர்ன் சொன்னதற்கும் திறக்கவில்லை.

ஜூன் 22, சனி

மாஸ்டரின் இடது இடுப்பெலும்புக்கு மேலே கொப்புளம். ஒரு ரூபாய் அளவு. சுற்றிலும் கருநீலம். விரலால் அழுத்தினால் நிறம் மாறவில்லை. உள்ளே சதை கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து வைத்துக் கட்டினேன். எழுத வேறெதுவும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

மேட்ரன் ரவுண்ட்ஸ். கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. சலோமி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வார சார்ட்டையும் கட்டில் மேல் பரப்பினார். காலைப் பத்தி அப்பழுக்கில்லாமல் இருந்தது. இரவுப் பத்தியும் சரி. வியாழக்கிழமை மத்தியானப் பத்தியில் நாலு மணிக் கட்டத்தில் 4.40 என்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு 6.25.

"நாப்பது நிமிஷம் லேட்டு. என்ன செஞ்சுக்கிட்டிருந்த?" என்று மேட்ரன் கேட்டார்.

"ரெண்டாம் கட்டில்ல அரெஸ்ட் ஆச்சும்மா. நெஞ்ச அமுக்கிக்கிட்டிருந்தோம்" என்றாள் இசக்கி. அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. என் பக்கமும் பார்க்கவில்லை.

அவளுக்கு மெமோ. வியாழக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம். திருப்தி இல்லாவிட்டால் ஐசியுவை விட்டு எடுத்துவிடுவார்கள், அவள் பைலிலும் ஏறும். புண் வரவிட்ட நர்ஸ் என்று பேர் வாங்கினவளை வேறு ஆஸ்பத்திரியிலும் ஐசியுவுக்கு எடுக்க மாட்டார்கள்.

நாற்பது நிமிஷத் தாமதத்தில் இப்படிப் புண் வராது. அது சலோமி அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சார்ட்டில் வேறு ஓட்டை இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

நான் ஏன் பேச வேண்டும்? இத்தனை வருஷத்தில் ஒரு நாள். யாருக்குத்தான் வராது. இசக்கி திறமைசாலி, எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வாள். என் இடுப்பு விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாளே ஓ.பி.யில் டோக்கன் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் மாஸ்டரை யார் பார்ப்பது? இந்தப் புண்ணை ஆற்ற என்னைவிட்டால் ஆள் இல்லை. அது உண்மை.

மேலே எழுதினதை இப்போது படித்துப் பார்த்தேன். இடுப்பு விஷயத்தை நானே எழுதிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

உலகம்மாள் பார்வை நேரம் முடிந்தும் போகாமல் வராந்தாவில் நின்றாள். இசக்கிக்கு மெமோ கொடுத்தது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"நான் அவுககிட்ட கேட்டேன் சிஸ்டர். இசக்கி சிஸ்டர் திருப்பாம வுட்டுட்டாவளான்னு. ரெண்டு தடவ கண்ண மூடுனாவ. இல்லையாம். அப்ப ராத்திரி சிஸ்டரான்னேன். அதுக்கும் இல்லன்னாவ."

அவளே சொன்னாள்.

"அப்ப எமிமாள் சிஸ்டரான்னு கேட்டேன். கோவிச்சுக்காதிய, மிச்சம் நீங்கதான இருக்கிய. கண்ண இறுக்க மூடிக்கிட்டாவ. ஒரு தடவையா ரெண்டு தடவையான்னு பாத்தா, திறக்கவே இல்ல. நான் வெளிய வார வரைக்கும் திறக்கல. எனக்கு ஒண்ணும் வெளங்கல சிஸ்டர்."

எனக்கு விளங்கியது. பொய் சொல்லவும் அவருக்கு மனசில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை. அவரிடம் மிச்சமிருப்பது அந்த இமை ஒன்றுதான். அதையும் எனக்காக மூடி வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆய்க்குடி விலக்கு வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டாள், சாரல் முகத்தில் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே சார்ட்டில் எட்டு இடது, பத்து மல்லாக்க, பன்னிரண்டு வலது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு மணிக்கு மூக்கையாவோடு சேர்ந்து இடது பக்கம் திருப்பினேன். திருப்பும்போது இடுப்பில் வெட்டிய மாதிரி வலித்தது. ஒரு நிமிஷம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து மணிக்கு மூக்கையா இல்லை. வார்டில் வேறு இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். எமிமாள் ஆள் கூப்பிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. கொஞ்சம் வலி அடங்கட்டும், பத்தரைக்குத் திருப்பலாம் என்று விட்டேன். பிறகு பாம்புக்கடி. பன்னிரண்டுக்கும் திருப்பவில்லை. அந்தப் பக்கம் நாலைந்து தடவை போயிருப்பேன். ஒரு தடவையும் மாஸ்டர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் திருப்ப வேண்டியிருக்கும்.

இரண்டேகாலுக்கு இசக்கி திருப்பினாள். சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள். "எழுதட்டுமாக்கா?" என்று கேட்டாள். எழுத வேண்டாம், சிவப்பு தானாகப் போய்விடும், மேட்ரன் கண்ணில் பட்டால் பெரிசாகும் என்று நான் சொன்னேன். அதுதான் நான் எழுதின சின்ன விஷயம்.

இன்று காலை எட்டு மணிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டேன். அவர்கள் திருப்பினார்கள், நான் தலைமாட்டில் நின்று குழாயைப் பிடித்தேன். அவர்கள் போன பிறகு கட்டிலின் முன்னால் போய் நின்றேன். கண் மூடியிருந்தது.

"மாஸ்டர், போன வியாழக்கிழமை பத்து மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் நான் உங்களத் திருப்பல. திருப்புனதா எழுதியிருக்கேன். இப்ப மேட்ரன்கிட்ட சொல்லப் போறேன்."

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஒரு தடவை மூடித் திறந்தார்.

மேட்ரன் அறையில் நின்றுகொண்டே சொன்னேன், இடுப்பு, போன் எல்லாம் சேர்த்து. சலோமி அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பதினேழு வருஷமா உன் சார்ட்டத்தான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கிட்டிருக்கேன், எமிமாள். இப்ப அதுல எத்தன நிஜம்னு நான் யார்கிட்ட போய்க் கேக்க?"

மற்றதெல்லாம் நிஜம்தான், அந்த ஒரு நாள்தான் என்று சொன்னேன். என் காதுக்கே அது எடுபடவில்லை.

இசக்கியின் மெமோவைக் கிழித்துவிட்டார்கள். எனக்கு மெமோ. திங்கள் முதல் ஓ.பி. இன்றே முதுகுக்கு ஸ்கேன். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது.

இசக்கி மத்தியான டியூட்டிக்கு வந்ததும் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"நீங்க சொல்லலன்னா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்க்கா. அத நெனச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது. உங்க மேல இல்ல, என் மேல. எழுதட்டுமான்னு உங்ககிட்ட எதுக்குக் கேட்டேன்? பாத்தத எழுதணும், அவ்வளவுதான." பிறகு, "நகருங்க, ரெண்டு மணி ஆச்சு" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

உலகம்மாளிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கட்டிலத் தள்ளச் சொன்னவ நான்தான" என்றாள். அது காரணம் இல்லை என்று அவளுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள்.

ஜூலை 1, திங்கள்

ஓ.பி. டோக்கன் எழுதினேன். மேலே என் காலை டியூட்டி இப்போது இசக்கிக்கு. இருநூற்றுப் பதினாலு பேர். நாற்பத்துநாலு வயசில் இடுப்புக்கு பெல்ட். தேவாதான் கட்டிவிடுகிறார். "தைலம் எனக்குன்னுதான வாங்கிட்டு வந்த, பாட்டில் காலியாயிட்டு, எனக்கு ஒரு சொட்டு தரலியேட்டி" என்று சிரித்தார். அவருக்கு முதல் நாளே தெரியுமாம்.

ஜூலை 5, வெள்ளி

மாஸ்டருக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. புண்ணில் கிருமி ஏறிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மேலே போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். இசக்கி கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். வாசனை வெளியே வரை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும்.

உலகம்மாள் பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

ஜூலை 6, சனி

காய்ச்சல் அப்படியே. ரத்த அழுத்தம் இறங்குகிறது. அவர் போய்விட்டால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம்.

ஜூலை 8, திங்கள்

நூற்று ஒன்று. கெட்ட சதையை அறுத்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழியில் மூன்று விரல் நுழையுமாம்.

ஜூலை 11, வியாழன்

காய்ச்சல் இல்லை. இசக்கி படியில் இறங்கி வந்து டோக்கன் ஜன்னலில் தலையை நீட்டினாள். "தொண்ணூத்தெட்டு ஆறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வரிசையில் நின்ற கிழவர், அது தன் டோக்கன் நம்பரா என்று கேட்டார்.

ஜூலை 24, புதன்

வார்டில் புது ஏற்பாடு. சார்ட்டை முன்கூட்டி எழுதினால் யாராக இருந்தாலும் மெமோ. மூன்று பேர் சேராமல் யாரையும் திருப்பக் கூடாது. மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, மாணவிகளுக்கு அதை நீயே போய்ச் சொல் என்றார். சொன்னேன். இருபது பிள்ளைகள். ஏன் என்றும் சொன்னேன், பெயரோடு, தேதியோடு. ஒரு பிள்ளை குறிப்பெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக்கோ என்றேன். நன்றாகத்தான் பாடம் எடுத்தேன். அந்த வேலை எனக்கு இன்னும் வரும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாஸ்டருக்குத் தோள் அசைகிறதாம். வலது கையில் கட்டைவிரல். வெண்டிலேட்டரை ஒரு நாளில் நாலு மணி நேரம் எடுத்துவிடுகிறார்கள். உலகம்மாள் ஓ.பி.க்கு வந்து லாலா கடை அல்வா கொடுத்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒரு மணிக்கு ஓ.பி. முடிந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது உலகம்மாள் வந்து நின்றாள். "உங்களப் பாக்கணும்ங்காவ. வாயால சொன்னாவ சிஸ்டர். குரல் வந்துட்டு."

மேலே போனேன். தொண்டைக் குழாயில் பேசுவதற்கான மூடி போட்டிருந்தார்கள். முதுகுக்குத் தலையணை வைத்து வலது பக்கமாகச் சாய்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், மீசை அப்படியே இருந்தது. இசக்கி போர்வையை விலக்கிப் புண்ணைக் காட்டினாள். இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்து, ஓரம் மூடிக்கொண்டு வருகிறது. யார் ஆற்றினாலும் இதைவிட நன்றாக ஆற்ற முடியாது. அதை அவளிடமே சொன்னேன். "தெரியும்க்கா" என்றாள். அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். உலகம்மாள் துணியை அலசப் போனாள்.

"நல்லாருக்கியளா சிஸ்டர்?" குரல் கரகரத்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார்.

நல்லா இருக்கிறேன் என்றேன். இடுப்பு எப்படி என்று கேட்டார். தேவலை என்றேன். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு, அந்த வியாழக்கிழமை, ரொம்ப வலிச்சுதா மாஸ்டர்?"



"மொதல்ல வலி. பெறகு தீயா எரிஞ்சுது. பெறகு... எண்ண ஆரம்பிச்சேன்."

"என்னத்த எண்ணுனிய?"

"நீங்க... கட்டிலத் தாண்டிப் போறத." மூச்சு வாங்கினார். "நாப்பத்தொண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார். நாலைந்து தடவை என்றுதான் நான் இந்த டைரியில் எழுதியிருந்தேன். மேட்ரனிடமும் அப்படித்தான் சொன்னேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை, அப்படித்தான் என் நினைவில் இருந்தது. நாற்பத்தொரு தடவை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒவ்வொரு தடவையும் இப்போது நிற்பாள், இப்போது பார்ப்பாள் என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

மணி ஒன்று நாற்பது. அடுத்த தடவை திருப்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நாற்காலியை இழுத்து, அவர் முகம் தெரிகிற பக்கமாகப் போட்டு உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிஷமும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.